வீட்டு ஜெபமும் நாட்டு நடப்பும்: சேலத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

பெரும்பாலான கிறிஸ்தவ வீடுகளில் இரவு ஜெபத்தின்போது நாட்டுக்காக ஒரே ஒரு வரிதான் சொல்லப்படுகிறது. எங்கள் தேசத்தையும் தலைவர்களையும் ஆசீர்வதியும் என்று சொல்லி ஆமென் போட்ட சற்று நேரத்திலேயே தொலைக்காட்சியில் விவாதம் தொடங்கிவிடுகிறது. மதுக்கடை, மதமாற்றச் சட்டம், பிள்ளைகளின் திருமணம் என்று எதைப் பற்றியும் நம்முடைய கருத்து அங்கேதான் உருவாகிறதே தவிர, வேதத்தை விரித்து வைத்திருந்த அந்த அரை மணி நேரத்தில் உருவாவதில்லை. அஸ்தம்பட்டிப் பகுதியில் பல ஆண்டுகள் ஓய்வுநாள் பள்ளியில் கற்பித்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். மனப்பாட வசனத்தைப் பிழையில்லாமல் ஒப்புவித்த பிள்ளைகளிடம், வாக்குக்குப் பணம் வாங்கலாமா என்று கேட்டபோது, வசனத்திலிருந்து ஒருவரும் பதில் சொல்லவில்லை. தங்கள் வீட்டில் பெரியவர்கள் செய்ததைத்தான் சொன்னார்கள். ஆகையால் அரசியலையும் பண்பாட்டையும் அன்றாட வாழ்வையும் வேதத்தின் முன்னால் வைத்துப் பார்க்கும் பழக்கத்தைக் குடும்ப ஜெபத்திலேயே எப்படி உண்டாக்குவது என்பதை இங்கே எழுதுகிறேன்.

சேலத்தில் ஒரே தெருவில் தென்னிந்தியத் திருச்சபையார், 1930-இல் உருவான சேலம் மறைமாவட்டத்துக் கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே சபையார் ஆகிய எல்லாரும் வசிக்கிறோம். ஒரு வீட்டில் கீர்த்தனையும் பாமாலையும் பாடுவார்கள், இன்னொரு வீட்டில் ஜெபமாலை சொல்லுவார்கள். நான் சொல்லப்போவது இந்த முறைகள் எதையும் மாற்றச் சொல்லுவதில்லை. வழக்கமான ஜெபத்துக்குள் பத்து நிமிடம் இடம் கேட்கிறது, அவ்வளவுதான்.

முதலில் நேரத்தை நிச்சயித்துக்கொள்ளுங்கள். வெள்ளிப் பட்டறைக்கும் நூல் மில்லுக்கும் போகிறவர்கள் உள்ள வீட்டில் எல்லாரும் கூடுவதற்கு இரவு எட்டரை மணிகூட ஆகலாம். ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலைக்குப் போகிற குடும்பத்தில், அதுவும் பழம் பறிக்கிற குளிர்காலத்தில், எட்டு மணிக்கே தூக்கம் கண்ணைச் சுழற்றும். ஆகவே எல்லா வீட்டுக்கும் பொதுவான நேரம் என்று ஒன்று கிடையாது. விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை இருந்தால், விடுதி அனுமதிக்கும் நாளில் தொலைபேசி வழியாக அந்தப் பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாட்டு நடப்புக்கு என்று வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கினால் போதும். தினமும் பேசத் தொடங்கினால் ஜெபம் விவாத மேடையாக மாறிவிடும், அதை நான் சில வீடுகளில் கண்டிருக்கிறேன். என் அனுபவத்தில் சனிக்கிழமை இரவு நல்லது, ஏனென்றால் மறுநாள் ஆராதனைக்குப் போகும்போது அந்தப் பேச்சு மனத்தில் ஊறிக்கொண்டிருக்கும்.

அடுத்ததாக ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். அதன் முதல் பக்கத்தில், உங்களை ஆளுகிறவர்களின் பெயர்களைப் பென்சிலால் எழுதுங்கள். சேலம் மாநகராட்சியில் 60 வார்டுகள் இருக்கின்றன. உங்கள் வார்டு உறுப்பினர் யார் என்று வீட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? மாவட்டத்தின் 11 சட்டமன்றத் தொகுதிகளில் உங்களுடையது எது, அதன் உறுப்பினர் யார் என்பதையும் எழுதுங்கள். மலைமேல் இருக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட ஏற்காடு சட்டமன்றத் தொகுதி, நாடாளுமன்றத் தேர்தலில் கள்ளக்குறிச்சித் தொகுதிக்குள் வருகிறது. ஆகவே சேலத்து நாடாளுமன்ற உறுப்பினரின் பெயரைச் சொல்லி, இவர்தான் எங்கள் உறுப்பினர் என்று ஜெபிப்பது சரியாகாது. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் இரண்டாம் அதிகாரம், ராஜாக்களுக்காகவும் அதிகாரமுள்ள யாவருக்காகவும் விண்ணப்பம் பண்ணச் சொல்கிறது. அது எழுதப்பட்ட காலத்து ராஜாக்கள் சபைக்கு நண்பர்கள் அல்லர். பெயர் சொல்லி ஜெபித்த ஒருவரை மறுநாள் காலையில் வாய்க்கு வந்தபடி ஏசுவது கடினமாகிவிடும் என்பது இந்தப் பழக்கத்தின் முதல் பலன்.

வாரத்துக்கு ஒரே ஒரு காரியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மூன்று கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள்: வேதம் இதைப் பற்றி என்ன சொல்கிறது, நம் ஊரில் உண்மையில் நடந்தது என்ன, நம் வீட்டில் என்ன செய்யப்போகிறோம். வரிசை மாறக் கூடாது. செய்தியிலிருந்து தொடங்கினால் நாம் ஏற்கெனவே முடிவு செய்துவைத்த கருத்துக்கு வசனம் தேடுகிறவர்களாகிவிடுவோம். மூன்றாம் கேள்வியை விட்டுவிட்டாலோ, பிறரைக் குறைசொல்லி மகிழ்வதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

எடுத்துக்காட்டாக மதுவை எடுத்துக்கொள்வோம். முதல் கேள்விக்கு நீதிமொழிகள் 23-ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியையும், ராஜாக்களுக்கு மது தகாது என்று சொல்லும் 31-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தையும் வாசியுங்கள். பிள்ளைகளில் ஒருவர் கானாவூர்க் கலியாணத்தைப் பற்றிக் கேட்கத்தான் செய்வார். அந்தக் கேள்வியை அடக்க வேண்டாம். இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கினார் என்று வேதம் சொல்லுகிறதை மறைத்துவிட்டு நாம் எதையும் நிலைநாட்ட முடியாது. சகோதரன் இடறுவதற்கு ஏதுவானதை விட்டுவிடுவது நல்லது என்று ரோமர் 14-ஆம் அதிகாரம் சொல்லுகிறதே, அதுதான் தமிழ்நாட்டில் வாழும் நமக்கு வழிகாட்டும் இடம் என்று நான் நினைக்கிறேன். குடி அழிக்காத தெரு ஒன்றை இந்த ஊரில் காட்டுவது கடினம்.

இரண்டாம் கேள்வியில் நம் மாவட்டத்துக்கே உரிய வரலாறு இருக்கிறது. 1917 முதல் 1919 வரை சேலம் நகரசபைத் தலைவராக இருந்த ராஜாஜி, சென்னை மாகாணத்தின் பிரதமரானதும் 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில்தான் நடைமுறைப்படுத்தினார். அதனால் வந்த வருவாய் இழப்பை ஈடுகட்டவே 1939-இல் விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. பிறகு 1971-இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. 2003 முதல் சில்லறை மது விற்பனையை டாஸ்மாக் வழியாக அரசே நடத்துகிறது. இவற்றோடு 2024 ஜூனில் நடந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்: கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பாதிக்கப்பட்டவர்களில் பலரைச் சேலம் அரசு மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள். கடையை மூடுங்கள் என்று கேட்பவர்கள் கள்ளச்சாராயத்துக்கும் பதில் வைத்திருக்க வேண்டும், கடை இருக்கட்டும் என்பவர்கள் ஒவ்வொரு மாதமும் ஒரு குடும்பம் இழக்கிற கூலிக்கும் பதில் வைத்திருக்க வேண்டும். ராஜாஜி கிறிஸ்தவர் அல்லர் என்பதையும் பிள்ளைகள் அறியட்டும். நாம் பிடித்துக்கொண்டிருக்கும் ஒழுக்க நெறிகளில் பல, நம் இந்து, முஸ்லிம் அயலாரும் மதிப்பவையே. அவற்றுக்காக அவர்களோடு சேர்ந்து நிற்பதில் நம் விசுவாசத்துக்குக் குறைவு எதுவும் வந்துவிடாது.

மூன்றாம் கேள்விக்கு வரும்போதுதான் வீடு அமைதியாகும். மாமா ஒருவர் குடிக்கிறார், அது எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் பேசுவதில்லை என்றால், அவருக்காக எப்படி ஜெபிப்பது, யார் அவரிடம் தனியாகப் பேசுவது என்று முடிவு செய்யுங்கள். அவர் ஜெபத்தில் உட்கார்ந்திருக்கும்போது அவரைக் குறிவைத்து ஜெபிப்பது பெரிய தவறு. அதனால் ஜெபத்துக்கு வருவதையே அவர் விட்டுவிடக்கூடும். நம் வீட்டுத் திருமண வரவேற்பில் மண்டபத்துக்கு வெளியே நிற்கும் வண்டியில் நண்பர்களுக்காகப் பாட்டில் வைக்கும் வழக்கத்தை நிறுத்துவோமா என்று கேளுங்கள். வாக்குக் கேட்டு வருகிற வேட்பாளரிடம், பள்ளிக்கும் ஆலயத்துக்கும் கோயிலுக்கும் அருகே உள்ள கடையைப் பற்றி உங்கள் நிலைப்பாடு என்ன என்று மரியாதையாகக் கேட்கத் தீர்மானியுங்கள்.

கருவிலிருக்கும் உயிரைப் பற்றிப் பேசும் வாரத்தில் இன்னும் மென்மை வேண்டும். கருவில் உருவாகும்போதே தேவன் நம்மை அறிந்திருக்கிறார் என்னும் 139-ஆம் சங்கீதத்தை வாசிப்போம். இந்த விஷயத்தில் வெளிநாட்டுச் சண்டைகளை இரவல் வாங்க நமக்கு அவசியமே இல்லை, ஏனென்றால் பெண் சிசுக் கொலை நம் சேலம், தருமபுரிப் பகுதியின் சொந்தப் பாவமாக இருந்தது. 1992-இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியதும் சேலம் மாவட்டத்தில்தான். கருவில் ஆணா பெண்ணா என்று கண்டறிவதைத் தடுக்கும் சட்டம் 1994-இல் வந்தது. கருக்கலைப்பை அனுமதிக்கும் 1971-ஆம் ஆண்டுச் சட்டம், 2021-இல் திருத்தப்பட்டபோது, குறிப்பிட்ட சில பிரிவினருக்கு 24 வாரம் வரை இடம் கொடுத்தது. சட்டம் அனுமதிக்கிறது என்பதால் ஒரு செயல் தேவனுக்கு முன்பாக நியாயமாகிவிடாது என்று நாம் தெளிவாகச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் அத்தையோ அக்காவோ வெளியே சொல்லாத துக்கத்தைச் சுமந்துகொண்டிருக்கலாம். ஆகவே குரலை உயர்த்தாமல், மன்னிப்பைப் பற்றிய வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். மூன்றாம் கேள்வியும் சுலபமானதல்ல. மூன்றாவதும் பெண் பிறந்த வீட்டுக்கு நாம் எந்த முகத்தோடு போகிறோம்? பிள்ளையில்லாத தம்பதியர் நம் குடும்பத்தில் இருந்தால், இளைஞர் நீதிச் சட்டத்தின்படி கிறிஸ்தவர்களும் முழு உரிமையோடு தத்தெடுக்க முடியும் என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள். மருத்துவமனையிலோ இடைத்தரகரிடமோ நேரடியாகக் குழந்தையைப் பெற்றுக்கொள்வது குற்றம். மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் பதிவு முறைதான் வழி.

தேர்தல் அறிவித்ததும் இரண்டு வாரங்களை வாக்குக்கு ஒதுக்குங்கள். பரிதானம், அதாவது லஞ்சம், பார்வையுள்ளவர்களையும் குருடாக்கும் என்று யாத்திராகமம் 23-ஆம் அதிகாரம் சொல்கிறது. வாக்குக்குப் பணம் கொடுப்பது மட்டுமல்ல, வாங்குவதும் சட்டப்படி குற்றம். பணப் பட்டுவாடாவின் காரணமாக 2016-இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017-இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலிலும் வாக்குப்பதிவு தள்ளிவைக்கப்பட்டதையும் நிறுத்தப்பட்டதையும், 2019-இல் வேலூர் நாடாளுமன்றத் தேர்தல் ரத்தானதையும் நாம் மறந்திருக்க முடியாது. உறையைக் கொண்டுவருகிறவர் பெரும்பாலும் தெரிந்தவர், பக்கத்து வீட்டு அண்ணனாகவே இருப்பார். அவரிடம் பிரசங்கம் செய்ய வேண்டாம். "எங்க வீட்ல வாங்குறதில்லைங்க அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லி, தண்ணீர் கொடுத்து அனுப்பினால் போதும். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் பாட்டியிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தால், அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். அந்தப் பணத்தைக் காணிக்கைப் பையில் போட்டுவிடலாம் என்று ஒருவர் என்னிடம் சொன்னதுண்டு. கர்த்தருடைய வீட்டுக்கு எந்தப் பணமும் ஆகும் என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. வேட்பாளர்களின் வழக்குகளும் சொத்துகளும் அடங்கிய படிவம் 26 பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் கிடைக்கும். அதைத் தரவிறக்கி, எழுத்துக் கூட்டி வாசிக்கிற பிள்ளையிடமே கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். கிறிஸ்தவப் பெயர் உள்ளவர் என்பதற்காக ஒருவருக்கு வாக்களிப்பதும், இல்லை என்பதற்காக இன்னொருவரைத் தள்ளுவதும் வேதம் கண்டிக்கும் முகதாட்சணியம்தான், அதாவது ஆள் பார்த்துப் பாரபட்சம் காட்டுவதுதான்.

இங்கே சபையின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். மதத்தின் பேரால் வாக்குக் கேட்பது 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆம் பிரிவின்படி முறைகேடு. வேட்பாளரின் மதத்தை மட்டுமன்றி வாக்காளரின் மதத்தைக் காட்டி வாக்குக் கேட்பதும் அதில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 2017 ஜனவரியில் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. வழிபாட்டுத் தலங்களைப் பிரசார மேடையாக்கக் கூடாது என்பதும் தேர்தல் நடத்தை விதி. ஆயரிடம் போய், யாருக்குப் போடச் சொல்கிறீர்கள் ஐயா என்று கேட்டு அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம். மது, பரிதானம், ஏழையின் கூலி, உயிர், குடும்பம் ஆகியவற்றைப் பற்றி அவர் அச்சமின்றிப் பிரசங்கிக்கட்டும். பெயரையும் சின்னத்தையும் தீர்மானிப்பது நம் மனச்சாட்சியின் வேலை. இன்னொன்றையும் வருத்தத்தோடு எழுதுகிறேன். சபையை நிர்வகிக்கும் சேகர கமிட்டித் தேர்தலில் சாதி பார்த்து அணி சேர்கிறவர்கள், நாட்டுத் தேர்தலில் நேர்மையைப் பற்றிப் பேசினால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். ஆகவே சபைத் தேர்தல் வரும் ஆண்டிலும் இதே மூன்று கேள்விகளை வீட்டில் கேளுங்கள்.

வாக்குப்பதிவு நாள் திருநாளோடு மோதுவதும் உண்டு. 2019-இல் ஏப்ரல் 18 அன்று தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு நடந்தது. அது பெரிய வியாழன். பல சபைகளில் மாலையில் திருவிருந்து ஆராதனை, ஆலய வளாகத்துப் பள்ளிகளிலோ வாக்குச்சாவடி. அப்படி நேர்ந்தால் காலை ஏழு மணிக்கே குடும்பமாகப் போய் வாக்களித்துவிட்டு, மாலையை ஆராதனைக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். தேர்தல் பணிக்குப் போகிற ஆசிரியர் வீட்டில் இருந்தால், அவருக்காக அந்த வார ஜெபத்தில் தனியாக வேண்டிக்கொள்ளுங்கள்.

திருமணப் பேச்சு தொடங்கும் ஆண்டில் வரதட்சணையும் சாதியும் ஜெபத்துக்குள் வர வேண்டும். திருமணம் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் உயிருள்ளவரை தேவனுக்கு முன்பாகச் செய்யும் உடன்படிக்கை என்று நாம் போதிக்கிறோம். வேறு விதமாக நினைக்கிறவர்கள் வகுப்பிலோ அலுவலகத்திலோ இருந்தால், அவர்களைக் கேலி செய்யாமல் அந்தப் போதனையை விளக்கப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதும் பெற்றோரின் கடமை. ஆனால் அந்த உடன்படிக்கையை நாமே பவுன் கணக்காக மாற்றிவிட்டு, உலகம் குடும்பத்தைச் சிதைக்கிறது என்று புலம்புவதில் நியாயமில்லை. 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டம் வாங்குகிறவருக்கும் கொடுக்கிறவருக்கும் 5 ஆண்டுகளுக்குக் குறையாத சிறைத் தண்டனையை வைத்திருக்கிறது. மூன்று ஞாயிறு ஆலயத்தில் ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசிக்கும்போது, தடை ஏதேனும் உண்டா என்று சபை கேட்கிறது. அதற்கு முன்பே வீட்டு ஜெபத்தில், எதிர்பார்ப்பு எதுவும் நமக்கு இல்லை என்று மகனின் முன்னிலையில் தகப்பன் சொல்லட்டும். மணமகள் தேவை விளம்பரத்தில் சாதிப் பெயரைப் போடுவதற்கு முன், கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்றாயிருக்கிறோம் என்று கலாத்தியருக்கு எழுதப்பட்டதை ஒருமுறை வாசித்துவிட்டுப் பேனாவை எடுங்கள். இந்த இடத்தில் நான் விட்டுக்கொடுத்துப் பேச விரும்பவில்லை.

வேலையிடத்தில் நேரிடும் காரியங்கள் சிறியவை என்றாலும் அடிக்கடி வருபவை. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை செய்யும் விசுவாசிக்கு ஆயுத பூஜை ஆண்டுதோறும் வரும். பூஜைக்கு முந்தின வாரத்திலேயே முதலாளியிடம் தனியாகப் போய், பட்டறையைக் கழுவித் துடைப்பதற்கு நான் முன்னால் நிற்கிறேன், பூஜையில் மட்டும் நான் சேர்வதில்லை என்று பணிவாகச் சொல்லிவிடுவது நல்லது. பூஜை நேரத்தில் எல்லார் முன்பாகவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியேறுவது அவரை அவமதிப்பதாகும். ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழாவின்போது அயலார் கொண்டுவரும் பிரசாதத்தைப் பற்றிக் கிறிஸ்தவ வீடுகளுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 8, 10 அதிகாரங்களைச் சேர்த்து வாசித்து, உங்கள் வீட்டின் முடிவை எடுங்கள். எந்த முடிவானாலும், கொடுத்தவரின் கண் முன்னால் பிள்ளைகள் அதை எறியக் கூடாது. ஞாயிறு வேலைக்குக் கூப்பிடும் முதலாளியிடமும் இதே பணிவு செல்லுபடியாகும்: காலை ஆராதனை முடிந்து வருகிறேன் என்று கேட்டுப் பாருங்கள்.

கைப்பேசியில் வரும் செய்திகளுக்கு ஒரு விதி போதும். சபைக்கு எதிரான தாக்குதல் என்றோ புதிய சட்டம் என்றோ வருவதை, தேதியும் இடமும் தெரியாமல் யாருக்கும் அனுப்பாதீர்கள். தமிழ்நாட்டில் 2002-இல் கொண்டுவரப்பட்ட கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004-லேயே விலக்கிக்கொள்ளப்பட்டது. அது இன்றும் இருப்பதாக நம்பிப் பயப்படுகிறவர்களை நான் சந்தித்திருக்கிறேன். மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தரும் அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவைப் பிள்ளைகள் நோட்டில் எழுதி வைக்கட்டும்.

கணவனும் மனைவியும் வெவ்வேறு கட்சிக்கு வாக்களிக்கிற வீடுகள் உண்டு, அதில் தவறில்லை. யார் சரி என்று அன்றைக்கே தீர்த்துவிட முயல வேண்டாம். பேச்சு சூடாகிறது என்று தெரிந்ததும் வீட்டில் இளையவர் ஒருவர் ஜெபித்து முடிக்கட்டும். வாக்கு எண்ணிக்கை நாளன்று, வென்றவர் நீங்கள் விரும்பியவராக இருந்தாலும் இல்லாவிட்டாலும், இரவு ஜெபத்துக்கு உட்காரும்போது அந்த நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்து, பென்சிலால் எழுதியிருந்த பழைய பெயரை அழித்துவிட்டுப் புதிய பெயரை எழுதுங்கள். பழைய உறுப்பினர் செய்த நன்மை ஒன்றையாவது சொல்லி நன்றி செலுத்திய பிறகு, புதியவருக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.